உன் அப்பாவுக்கு நான் வாசித்த பேப்பர்

மகனே,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறவன் எழுதுகிற கடிதமா அது? வியாழக்கிழமை தபால்காரர் நம் சைக்கிள் கடைக்கு வந்து இன்லண்டு லெட்டரை நீட்டியபோது, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் பிரித்தேன். உள்ளே நாலே வரி. "சித்தப்பா, நீங்க அப்பாகிட்ட எதுவும் பேச வேணாம். நீங்க பேசினா இருக்கிறதும் கெட்டுடும். நானும் வசந்தியும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம், யாரும் வர வேணாம். இனிமே நான் ஊருக்கு வரமாட்டேன்." அவ்வளவுதான். சர்க்கார் உனக்கு மூன்று பக்கம் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது. அதில் நாலு வரி எழுதிவிட்டு மிச்சத்தை வெள்ளையாக அனுப்புகிறவன் எவ்வளவு கோபத்தில் இருப்பான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் பதிலுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் கல்யாணம் திருவண்ணாமலையில் நடக்கும். உன் அப்பா பக்கத்தில் நிற்பார். இதை நான் முடிவு செய்துவிட்டேன். எப்படி முடிவு செய்தேன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பட்டணத்து டெலிபோன் ஆபீஸில் நாளெல்லாம் அடுத்தவர் பேச்சைச் சேர்த்துவிடுகிறவன் நீ. ஒரு நாள் உன் சித்தப்பன் பேச்சைக் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன். வளர்த்தவன் நான். ஆறாம் வகுப்புக்கு உன்னைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து கூட்டிவந்து டவுனில் என் வீட்டில் விட்டபோது உன் அப்பா சொன்னது, "புள்ள இல்லாத வீடு, இவன் இருந்தா கலகலன்னு இருக்கும்" என்பதுதான். அன்றிலிருந்து நீ எனக்கு மகன். உன் சித்தியும் நானும் இதில் இரண்டு பேச்சு பேசியதில்லை. என் படிப்பைப் பற்றி நீ உன் சிநேகிதர்களிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறாயோ தெரியாது. ஆறாவதில் நான் பெயில் என்று ஊரே சொல்லும். உள்விஷயம் யாருக்கும் தெரியாது. என்னைப் போல ஒருவனை வெளியே அனுப்ப மனம் வராமல்தான் அந்த வாத்தியார் பெயிலாக்கி இன்னொரு வருஷம் வைத்துக்கொண்டார். நான்தான் நிற்கவில்லை. ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் என் கடையில்தானே வாடகைக்குச் சைக்கிள் எடுக்கிறார்கள்? அவர்களோடு இங்கிலீஷில்தான் பேசுகிறேன். ஒருத்தன் மலை சுற்றும் பாதைக்கு வழி கேட்டான். சரளமாகச் சொன்னேன். அவனும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போய் சாயங்காலம் இருபது மைல் தள்ளியிருக்கிற செங்கத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தான், சைக்கிளைக் கூரைமேல் போட்டுக்கொண்டு. ஆனால் கோபப்படவில்லை. அவ்வளவு நல்ல இங்கிலீஷ் என்னுடையது.

இப்படிப்பட்டவன் கை வழியாகத்தான் எழுத்துத் தெரியாத உன் அப்பாவுக்கு உலகம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நீ பார்த்ததுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாரத்துப் பேப்பர் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போவேன். உன் அப்பா கொல்லை நிலத்தில் மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நீ இப்போது வேர்க்கடலை என்கிற மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய வேண்டும், கரண்ட் இருக்காது. இந்த நாட்டில் கரண்ட் இல்லாத நேரம்தான் பேப்பர் படிக்கிற நேரம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் மின்சாரம் தருவோம் என்று பேப்பரில் போட்டிருப்பான். அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் மோட்டார் வாயை மூடிக்கொண்டு நிற்கும். அக்கம் பக்கத்துக் கொல்லைக்காரர்களும் வந்து வரப்பில் குந்திக்கொள்வார்கள். நான் வாசிப்பேன். கரண்ட் வந்து மோட்டார் கத்த ஆரம்பித்தால் எந்த மந்திரியாக இருந்தாலும் பாதிப் பேச்சில் நிற்க வேண்டியதுதான். மந்திரிகளை இப்படி நடுவில் நிறுத்துகிற அதிகாரம் கீழ்பென்னாத்தூர் பம்புசெட்டுக்கு மட்டும்தான் உண்டு.

நான் உள்ளதை உள்ளபடி வாசிக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி வாசிக்க ரேடியோ இருக்கிறதே, நான் எதற்கு? வானத்தில் வெள்ளைக்காரன் விட்ட ஸ்கைலாப் கீழே விழப்போகிறது என்று பேப்பரெல்லாம் எழுதினார்களே, அந்தச் சமயம் நினைவிருக்கிறதா? எங்கே விழும் என்று மட்டும் எவனும் போடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்து குந்தியிருக்கிறார்கள். அவர்களிடம் எங்கே என்று தெரியாது என்று எப்படிச் சொல்வது? கீழ்பென்னாத்தூருக்கும் மலைக்கும் நடுவில் என்று வாசித்துவிட்டேன். அன்று பொழுது சாய்வதற்குள் தெருவில் கோழி ஒன்று மிச்சமில்லை. போகிற உயிர் வயிறு நிறைந்து போகட்டும் என்று ஆளாளுக்கு அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். ஆடிக் கூழுக்கு மாரியம்மனுக்கு என்று உன் அம்மா நேர்ந்து விட்டிருந்த சேவலும் அதில் போயிற்று. அப்புறம் அது கடல் தாண்டி ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது. நம் மலையைப் பார்த்ததும் பயந்து ஒதுங்கிப் போய்விட்டது என்று அடுத்த ஞாயிறு வாசித்தேன். ஜனங்கள் மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உன் அம்மா மட்டும், "மலைக்கு ஒதுங்கினது சரிதான் தம்பி, என் சேவலுக்கு ஏன் ஒதுங்கல?" என்று கேட்டார். அதற்குப் பேப்பரில் பதில் இல்லை.

இப்போது ஊரில் என்ன பேச்சு தெரியுமா? வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, நம் ஊரைத் தலைநகர் ஆக்கி, கலெக்டரைக் கொண்டுவந்து உட்கார வைக்கப் போகிறார்களாம். வருஷா வருஷம் வருகிற பேச்சுதான். எங்கே உட்கார வைப்பார்கள் என்று டீக்கடையில் கைகலப்பு ஆகும்போல இருந்தது. வேங்கிக்கால் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அங்கே ஆடு மேய்க்கிற இரண்டு பேர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். கலர் டிவி வந்துவிட்டது என்கிறது பேப்பர். நம் தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி. அதிலும் புள்ளி புள்ளியாக மழை பெய்கிறது. ஊரில் பெய்யாத மழையெல்லாம் அதில்தான் பெய்கிறது. ரேஷனில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில் ஒருத்தர், "நம்மாளு ஒருத்தன் ராக்கெட்ல ஏறி ஆகாசத்துக்கே போய்ட்டானாமே" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, "போனவன் வந்துட்டான்யா. இந்த வரிசதான் நவுரல" என்றாள். நான் எவ்வளவு சேர்த்து வாசித்தாலும் இந்த மாதிரி ஒன்று எனக்கு வாய்ப்பதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அதை நான் சொன்னதாகத்தான் சொன்னேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது வசந்தியைப் பற்றி நீ சொன்னாய். கூட வேலை செய்கிற பெண், திருநெல்வேலிப் பக்கம், வேற ஆளுங்க என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். உன் அப்பா மூன்றாவதை மட்டும்தான் காதில் வாங்கினார். "நம்ம ஜனத்துல பொண்ணே பொறக்கலையா? அவள கட்டிகினா இந்தக் கொல்லையில காலு வெக்காதே" என்றார். நீயும் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். இரண்டு பேரும் ஒரே மாதிரி. கோபம் வந்தால் வாய் பேசாது, கால்தான் பேசும். அதற்கப்புறம் உன் அப்பா உன் பேரைச் சொல்லவிடவில்லை. உன் அம்மா மட்டும் சோறு போடும்போது, "பட்டணத்துல இன்னா சாப்புட்றானோ" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவரும் பதில் சொல்லாது, அண்ணனும் சொல்லமாட்டார்.

நீ பேச வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்பே நான் பேச ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது, தெரிந்துகொள். ஆனால் நேராகப் பேசவில்லை. அது விவரம் கெட்டவன் செய்கிற காரியம். நான் பேப்பரைப் பேச வைத்தேன். முதல் ஞாயிறு, வெளியூர்ச் செய்திகளுக்கு நடுவில் ஒன்றை நுழைத்தேன். "தர்மபுரி பக்கம் ஒரு விவசாயி. மகன் ஆசைப்பட்ட பெண்ணை வேண்டாம் என்று விரட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. நிபுணர்கள் ஆராய்கிறார்கள்." உன் அப்பா பல்லில் குச்சியை வைத்துக்கொண்டு, "எத்தினி அடிக் கெணறு?" என்றார். "அறுபது" என்றேன். "அறுபதடின்னா கோடையில எறங்கத்தான் எறங்கும்" என்றார். சரி, முதல் அடி சறுக்கிவிட்டது, விடுவேனா? அடுத்த ஞாயிறு, ஜாதி விட்டுக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு மந்திரி கையால் தங்கப் பதக்கம், ஒத்துக்கொண்ட அப்பாவுக்குத் தனியாகச் சால்வை, மேடையில் நாற்காலி என்று வாசித்தேன். "நாக்காலி கையி வெச்சதா, வெக்காததா?" என்று கேட்டார். "வெச்சதுண்ணா" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது.

மூன்றாம் ஞாயிறு இன்னும் கிட்டே போனேன். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள்தான் மாமனார் மாமியாரை ஜாஸ்தி பாசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வெளிநாட்டு டாக்டர்கள் கண்டுபிடித்திருப்பதாக வாசித்தேன். "வெளிநாட்டு டாக்டருக்கு நம்மூரு மாமனாரப் பத்தி இன்னாடா தெரியும்?" என்றார் உன் அப்பா. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் ஞாபகம் வந்து அழுகிறார் என்று நினைத்து நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது சிரிப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

அதற்கப்புறம்தான் உன் நாலு வரி வந்தது. நேற்று ஞாயிறு. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். உன் சித்தி வாசலிலேயே சொன்னாள்: "நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே பாதிக் கல்யாணம் முடிஞ்சிடும். அங்க போய்க் காலட்சேபம் பண்ற வாரியார் ஆவாதீங்க." நான் கேட்கவில்லை. கொல்லைக்குப் போனால் வழக்கம்போல கரண்ட் இல்லை. அக்கம் பக்கத்தில் சாவு என்று எல்லாரும் போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும் நானும்தான். பேப்பரைப் பிரித்தேன். கண் எங்கேயோ, வாய் எங்கேயோ. "சென்னை. ரிஜிஸ்தர் ஆபீஸில் யாரும் வராமல் கல்யாணம் செய்துகொண்டான் ஒரு பையன். கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தானாம். மறுபடியும் பார்த்தானாம்..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. எந்தச் செய்திக்கும் வால் வைக்கத் தெரிந்தவன் நான். இதற்கு என்ன வால் வைப்பது? கதவில் யாராவது வந்தார்கள் என்று வாசிக்கவும் வாய் வரவில்லை. வரவில்லை என்று வாசிக்கவும் வாய் வரவில்லை.

"அப்புறம்?" என்றார் உன் அப்பா.

"அவ்ளோதாண்ணா போட்டுக்கிறான்."

"எங்க, இப்டிக் கொடு."

பேப்பரை வாங்கினார். நான் பழக்க தோஷத்தில், "தலைகீழாப் புடிக்காதேண்ணா" என்றேன். அவர் தலைகீழாகப் பிடிக்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்தார். கல் உடைக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக உடைத்து, "வெங்... காய... விலை... கிடு... கிடு... உயர்வு" என்று வாசித்தார். கொட்டாய்க் கூரை என் தலையில் இறங்கின மாதிரி இருந்தது. பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. நான்தான் அதை வாசிக்காமல் விட்டிருந்தேன்.

"எப்பருந்துண்ணா?" என்றேன்.

அண்ணிதான் பதில் சொன்னார்: "மாசி மாசத்துலருந்து. பள்ளிக்கூடத்துல பெரியவங்களுக்கு வாத்தியாரு பாடம் நடத்துறாரே, அங்க போறாரு. மல்லாட்டைக்குக் காவல் போறேன்னு சொல்லிட்டு சிலேட்ட எடுத்துகினு போவாரு. மூணு ஞாயித்துக்கெழமையா நீ படிச்சிட்டுப் போனதும், ரெண்டு பேரும் அதே பேப்பர வெச்சிகினு உன் தர்மபுரிக்காரனத் தேடிப் பாத்துட்டோம் தம்பி. எந்தப் பக்கத்துலயும் ஆளு கெடைக்கல."

மகனே, நான் பேச்சில் தோற்றவன் இல்லை. நேற்று தோற்றேன். நீ எழுதினது சரியாகப் போயிற்று, இருந்ததும் கெட்டது என்றுதான் நினைத்தேன். "இன்னாத்துக்குண்ணா இந்த வயசுல படிப்பு? நான்தான் வாரா வாரம் வரேனே" என்று கேட்டேன். உன் அப்பா பேப்பரை நாலாக மடித்தார். "நீ வர்றதாலதான்டா" என்றார். "அவன் கடுதாசியயும் நீதான படிச்சிக் காட்டுவே? 'தாய் தந்தையர் பொற்பாதங்களில் சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கி'ன்னு ஒரு பாட்டம் படிப்பே. எனக்கு அப்பவே சந்தேகம், இந்தப் பய அப்டி எழுதுவானான்னு. பொங்கலுக்கு அப்புறமும் அவங்கம்மாவுக்கு அவன் எழுதிகினேதான் இருந்தான். அத உங்கிட்ட கொடுக்க வேணான்னு சொல்லி நானே படிச்சேன். ஒரு கடுதாசிக்கு ஒரு வாரம் ஆவும். அவன் விழவும் இல்ல, வணங்கவும் இல்ல. 'அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு எழுதறான். ஒவ்வொண்ணுலயும் எழுதறான். பழைய கடுதாசியெல்லாம் எடுத்துப் பாத்தேன். அதுலயும் கீது. காலு வெக்காதேன்னு சொன்னவன் முட்டிய அவன் கேக்கறான்டா. நீ அத ஒரு வாட்டி கூட எனக்குப் படிச்சதில்ல."

உண்மைதான். நான் படித்ததில்லை. முட்டி வலி என்ன பெரிய சேதி என்று தாண்டிப் போய்விடுவேன். அந்த இடத்தில் பொற்பாதம், சாஷ்டாங்கம் எல்லாம் போட்டால் கேட்கிறவருக்கு நிறைவாக இருக்கும் என்று நினைத்தேன். நான் போட்டதெல்லாம் நல்ல வார்த்தைகள்தான், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்த முட்டி. ஆகவே உனக்கு நான் சொல்கிற முதல் புத்தி இது: வசந்தியோடு குடித்தனம் நடத்தும்போது வெளி விஷயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிச் சொல். மந்திரி பேச்சு, டிவி, ராக்கெட் எதுவானாலும் கொஞ்சம் காரம் போட்டுப் பரிமாறு. அது இல்லாவிட்டால் சாயங்காலங்கள் ஓடாது. ஆனால் அவள் தலைவலி என்றால் தலைவலியோடு நின்றுவிடு. அதன்மேல் எதையும் அடுக்காதே.

நான் பேப்பரைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். "உக்காரு. இன்னும் ஒண்ணு கீது" என்றார் உன் அப்பா. மறுபடியும் பேப்பரை விரித்தார். ஒரு மூலையில் விரலை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கீழ்பென்னாத்தூர். இங்க மல்லாட்ட பயிர் வெக்கிற ஒருத்தரு, தன் புள்ளைக்கு அவன் இஷ்டப்பட்ட பொண்ணையே கட்டி வெக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. பொண்ணு எந்த ஜனம்னு நிருபர் கேட்டாரு. பொண்ணு டெலிபோன் ஜனம், போய் வேற வேலயப் பாருன்னு பதில் சொல்லிட்டாரு. கல்யாணம் பெரிய கோயில்ல. ரிஜிஸ்தர் ஆபீசுலயும் கையெழுத்துப் போடறதுன்னா போடட்டும், அதுக்கும் பெத்தவங்க வருவாங்க. புள்ளையோட சித்தப்பன் கையில மட்டும் யாரும் மைக்கக் குடுக்கக் கூடாது." வெங்காயத்துக்கு அத்தனை திக்கியவர், இதை ஒரு திக்கல் இல்லாமல் வாசித்தார். எட்டிப் பார்த்தேன். அவர் விரல் வைத்திருந்த இடத்தில் பல்பொடி விளம்பரம்.

அண்ணி இந்தத் தடவை முந்தானையை வைத்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. உன் அப்பா மோட்டாரைப் போடாமல் உட்கார்ந்தே இருந்தார். ஒரு கரண்ட்டை அவர் சும்மா விட்டதை என் ஆயுசில் நேற்றுதான் பார்த்தேன்.

இப்போது திட்டத்தைக் கேள். நடப்பது புரட்டாசி; இதில் ஒன்றும் செய்ய முடியாது. கார்த்திகையும் வேண்டாம். தீபக் கூட்டத்தில் மாப்பிள்ளையே தொலைந்துபோவான். லாட்ஜில் இடம் கிடைக்காமல் திருநெல்வேலிக்காரர்கள் தேரடியில் படுக்க வேண்டிவரும். ஆகவே ஐப்பசியில் முதல் முகூர்த்தம். பங்காளிகள் சிலர் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பாக்கு வைத்து அழைப்பேன். வரமாட்டேன் என்பவரை மறுபடியும் போய் அழைப்பேன். அப்படியும் வராதவர்களுக்கும் சேர்த்து இலை போடுவேன். காலியாகக் கிடக்கிற இலைகளை ஊர் பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியது அந்த இலைக்கு உரியவர்கள்தான். பெண் வீட்டாரிடம் பேச நானே வருகிறேன். அவர்கள் பேச்சு எனக்கு நன்றாகப் புரியும். புரியாவிட்டால் என் பேச்சு அவர்களுக்குப் புரியும். மைக் விஷயத்தில் உன் அப்பாவோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது. கோயிலில் மைக்கே கிடையாது என்று அவர் சொல்கிறார். அது நம் இஷ்டம்.

உன் பங்குக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கண்டதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. ரோஷம் என்று உட்காராதே. காலு வெக்காதே என்று சொன்னவர், அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கிறார். அதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? நீ ஒரு பஸ் ஏறினால் போதும். அவர் ஆனா ஆவன்னாவிலிருந்து வந்திருக்கிறார். வசந்தியையும் கூட்டிக்கொண்டு வா. பெண் பார்க்கிற சடங்கெல்லாம் வேண்டாம், சும்மா சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி வரட்டும். நீ தயங்க வேண்டாம். உன் அப்பாவே திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்துக்கொண்டு நிற்பார்.

நேற்று டவுனுக்குத் திரும்பாமல் கீழ்பென்னாத்தூர் வீட்டிலேயே தங்கி, விடிந்ததும் மேலே உள்ளதை எழுதி முடித்து மடிக்கும்போது உன் அப்பா கையை நீட்டினார். நான் எழுதுகிற எதுவும் இனி அவர் பார்க்காமல் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாதாம். காலையில் ஆரம்பித்தார், கையில் சிலேட்டுக் குச்சி போல ஒரு பென்சில். இப்போது வெயில் சாய்கிறது. தங்கப் பதக்கத்தில் சிரித்தார். அவர் திக்கியதாக நான் எழுதியிருந்த இடத்தில் முறைத்தார். ஆனாலும் அடிக்கவில்லை. பெண் வீட்டாரிடம் பேச நான் முப்பத்தைந்து பேரை அழைத்து வருவதாக ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதை அழுத்தி அடித்தார், நீ இப்போது படிக்க முடியாது. கடைசிப் பக்கத்துக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த வரியை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார்.

"அண்ணா, அத நானா சேத்தேன். அடிச்சிடு" என்றேன்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"எந்த பஸ்ஸுல வரான்னு எழுதச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்